பவுசர் வராத குடியிருப்பும் என் ஒரு கையும்

நவம்பர் 17, திங்கள்

சுபஹு தொழுதுவிட்டு முதல் வேலையாகப் பென்சில் சீவினேன். வெளியே மழை. பிரதேச சபையின் அடுத்த வருடப் பாதீட்டு (வரவு செலவு) வரைபு இன்றிலிருந்து ஏழு நாள் நூலகத்தில், பொதுமக்கள் பார்வைக்கு. நான் உறுப்பினரான பின் வரும் முதல் பாதீடு.

பொதுமக்கள் என்று அங்கே நான் ஒருத்திதான். வரைபு அலுமாரிக்குள். திறப்பு நூலகரின் கைப்பைக்குள்.

"இத ஆரும் கேக்கிறல்ல மெம்பர். அதான் பூட்டி வெச்ச."

படித்ததில்:
- கடற்கரை வீதிக்கு அலங்கார விளக்கு.
- ஊர் வாசலுக்கு வளைவு.
- தவிசாளரின் வாகனத் திருத்தம்.
- எங்கள் குடியிருப்புக்குக் குடிநீர் கொண்டுவரும் பவுசர் லொறி: இல்லை. போன வருடம் இருந்தது. பக்கங்களை இரண்டு தரம் புரட்டினேன். சிங்களப் பிரதியிலும் தேடினேன்.

மழைக்கு எங்கள் பக்கம் கிணறு நிறையும். கக்கூஸ் குழியும் நிறையும். நடுவில் வெறும் மணல். அந்தத் தண்ணீரை யார் குடிப்பது?

வாங்க: பாண், தேங்காய், மகளுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 18, செவ்வாய்

தவிசாளரைப் பார்த்தேன். எங்கள் கட்சிக்காரர். கதிரை தந்தார், பிளேன்டி தந்தார்.

"ராத்தா, ஒங்கட ஆக்கள் வாக்காளர் இடாப்புலயே இல்ல. வோட்டு மன்னாருக்கு, தாகம் மட்டும் எங்களுக்கா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தொண்ணூறுல எங்கள மன்னார விட்டு வெரட்டினதுல இருந்து இங்கதான் தாகம், சேர்மன். குடிக்கிறதுக்கு மட்டும் மன்னார் பஸ் ஏறவா?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "வாற செவ்வாய் வாக்கெடுப்பு. எங்கட பக்கம் ஒரு கைதான் கூட. நீங்க ஊர்ல வென்டு வரல்ல ராத்தா, பொம்பளைகள்ட லிஸ்ட்டுல கட்சி தந்த சீட்டு அது. மறந்திடாதீங்க."

வீடு திரும்ப, பாலாவி வரை பஸ்ஸில் நின்றபடி. கோபம் இறங்கவே இல்லை. பாதிக் கோபம் என் மேல்தான். அதை இங்கே மட்டும் எழுதலாம்.

யுத்தம் முடிந்த பிறகு குடியிருப்புப் பெண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள், வாக்காளர் பதிவை இங்கே மாற்றவா என்று. நான் பட்டம் படித்தவள். "மாத்தாதீங்க, மன்னார்க் காணி கை விட்டுப் போயிடும்" என்றேன். மன்னார் விலாசம் போட்டு அவர்கள் படிவங்களை நிரப்பியது என் கை. காணி கிடைத்தது சிலருக்கு. அதுவும் காடு. பிறகு தேர்தலுக்காக என் பதிவை மட்டும் இங்கே மாற்றிக்கொண்டேன். சத்தமில்லாமல்.

நவம்பர் 20, வியாழன்

தலைவலி. மழை விட்டு விட்டு. வீட்டுக்காரர் ரபீக் கற்பிட்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு வந்தார். மனுசனுக்கு விஷயம் எனக்கு முன்பே எட்டிவிட்டது.

"கையத் தூக்கிட்டு வாவன். தூக்கினா வலிக்கவா போகுது?"

"ஓம், வலிக்கும்."

"அப்ப எண்ண பூசிட்டுப் போ."

சிரித்துவிட்டேன். அதை வைத்து நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் போல.

நவம்பர் 22, சனி

குடியிருப்பிலிருந்து நூராவையும் இன்னும் மூன்று பெண்களையும் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். வரைபோடு ஓர் ஆலோசனைப் புத்தகமும் உண்டு, யாரும் எழுதலாம். அதில் பெயர், விலாசம், வாக்காளர் இலக்கம், ஆலோசனை.

நூலகர்: "இங்கத்த இலக்கம் இல்லாம எழுத ஏலாதே."

நூரா என்னைப் பார்த்தாள். அங்கேயே சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது, படிவம் நான் நிரப்பியது, என்னுடையதை மட்டும் மாற்றியது.

"தெரியும் ராத்தா. இடாப்புல ஒங்கட பேரு இருந்ததாலதானே மெம்பர் ஆன."

"ஒரு வார்த்த கேக்கல்லையே நீ?"

"கேட்டா தண்ணி வருமா? பென்சிலத் தாங்க."

இலக்கப் பெட்டிக்குள் 'இங்கதான் இருக்கிறோம்' என்று எழுதினாள். ஆலோசனைக்குக் கீழே ஒரே சொல்: பவுசர். மற்ற மூவரும் அதன் கீழ் வரிசையாக 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. நூலகர் தடுக்கவில்லை. புத்தகத்தை மூடும் முன் இன்னொரு தரம் வாசித்தார். அலுமாரியைப் பூட்ட மறந்துபோனார்.

நவம்பர் 24, திங்கள்

வெயில். கொடியில் போட்டதெல்லாம் காய்ந்தது. நூராவின் சின்னவளுக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர்தான்.

தவிசாளர் போன் எடுத்தார். "நாளைக்குப் பத்து மணி. பாஸானதும் கேக் வெட்டுற, நேரத்தோட வாங்க ராத்தா."

"வாறேன்" என்றேன்.

ரபீக் என் அபாயாவை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். பாவம்.

பாதீடு தோற்றால் திருத்தித்தான் மறுபடி கொண்டுவர வேண்டும். பவுசர் வரி உள்ளே வர அது ஒன்றே வழி. கட்சி என் ஆசனத்தைப் பறிக்கும். பறிக்கட்டும். ஆதரவாக யார் என்று கேட்கும்போது இரண்டு கையும் மேசையில் இருக்கும். எதிராக யார் என்றால் எழுந்து நிற்பேன். பேச விட்டால், படிவம் நிரப்பிய கதையிலிருந்து தொடங்குவேன். ரபீக்கிடம் சொல்லவில்லை. நூராவிடமும்.