வெப்சைட்டுக்கு வாங்கிய மொய்

பம்மல்,
12.6.2005, ஞாயிறு

அன்பு மகன் சாஹிலுக்கு உன் சாச்சா ஹாஜா மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் சாச்சி ஜஹீராவும் நம் தையல் மிஷின்களும் அல்லாஹ்வின் கிருபையால் எண்ணெய் வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், நீ ஷார்ஜா வெயிலில் உருகி ஓடாமல் அனுப்பிவைத்த அளவிலேயே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அத்தா மௌத்தான பிறகு உன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவன் என்ற உரிமையில் வாக்குக் கொடுக்கிறேன், இப்போது சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அதைச் சுற்றி எந்நேரமும் பதினாறு ஜோடிக் காதுகள் காவல் நிற்கின்றன. அதனால்தான் எழுதி, தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் எட்மண்டிடம் கொடுத்து, ஸ்கேன் பண்ணி உன் ஈமெயிலுக்கு அனுப்புகிறேன்.

துரைப்பாக்கத்தில் கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிறது, அதன் வெளிச்சத்தில் நம் பம்மலில் வடாம் காயவைக்கலாம். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் லாப்டாப் பை வேண்டும் என்று கேள்விப்பட்டு சாம்பிளோடு போனேன். பர்ச்சேஸ் பார்க்கும் சின்மயி மேடம் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தையல் நல்லாருக்கு சார், உங்க வெப்சைட் அட்ரஸ் குடுத்துட்டுப் போங்க, பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை எங்க மேனேஜர் அதைப் பாத்துட்டுத்தான் ஓகே சொல்வார் என்றாள். நானும் அக்பர் பாதுஷா மாதிரி, ரெடியாகிட்டிருக்கு மேடம் என்று சொல்லி இறங்கி வந்தேன். நம் கைனாத் ரெக்ஸின் ஒர்க்ஸுக்கு அப்போது வெப்சைட் என்ன, வாசல் போர்டே பாதி மழையில் கரைந்து 'கைனா' என்றுதான் நிற்கிறது. உன்னிடம் கேட்டேன், நீ மறுபேச்சில்லாமல் பத்தாயிரம் அனுப்பினாய், என் பேரெல்லாம் எங்கேயும் போடவேண்டாம் சாச்சா என்றாய். ஸ்கூல் திறந்தாகிவிட்டது, ஸ்கூல் பை சீசன் முடிந்தது, ரெண்டு மிஷினை ஏற்கெனவே துணி போட்டு மூடியிருக்கிறேன். இந்த ஆர்டர் வராவிட்டால் மற்ற மிஷின்களையும் மூடவேண்டியதுதான். கட்டிங் மாஸ்டர் சாலமோன் தினமும் காலையில் கத்திரியைத் துடைத்துக்கொண்டே, பாய், ஆர்டர் இன்னா ஆச்சு என்று கேட்கிறான், நானும் தினமும் அமெரிக்காவே பை இல்லாமல் நிற்கிறது, ஜப்பான் அழுகிறது என்று ஏதாவது அளந்துவிடுகிறேன்.

வெப்சைட் செய்துதர எட்மண்ட் போட்ட பட்ஜெட்டைக் கேள். பேர் பதிய ஒரு காசு, அந்தப் பேரைக் குடிவைக்க இடத்துக்கு வருஷ வாடகை, அதற்குமேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று, ஆகமொத்தம் பதினெட்டாயிரம். இடம் எங்கேப்பா இருக்கிறது என்றேன், அமெரிக்காவில் என்றான், பட்டா யார் பேரில் என்றேன், அவன் தலையை மேஜையில் வைத்துக்கொண்டான். உன் பணம் போக மிச்சத்துக்கு எங்கே போவது? நமக்குத் தெரிந்த பட்ஜெட் ஒன்றுதான், நம் வீட்டில் நிக்காஹ் என்றால் எப்படிச் செய்வோமோ அப்படி சொந்தத்தையெல்லாம் கூட்டி, டீ கொடுத்து, மொய் வாங்கினேன். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். நிக்காஹ் என்றால் சொந்தக்காரர்கள் பேரைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதுதானே வழக்கம், எங்க பேரு எங்கே வரும் என்று கேட்டார்கள். அங்கேதான் மகனே எலிப்பொறி மூடிக்கொண்டது.

முதலில் உன் சாச்சியின் அண்ணன் ஷாகுல் மச்சான், மொய்யில் அதிகம் கொடுத்தவர், கோட்டு சூட்டில் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவோடு வந்தார். அந்த போட்டோவின் அகலத்துக்கு நாலு வாழை இலை விரிக்கலாம். அவர் பேரைப் போட்டால் என் அக்கா, உன் மஹீன் குப்பி, பேர் அதற்குக் கீழேயா வரும்? அக்கா பேர் வந்தால் அக்கா வீட்டு மருமகன்கள், அவர்கள் படிப்பு, வேலை, ஊர். ஒவ்வொரு பேருக்கும் இடம் வேண்டும், இடத்துக்குப் பக்கம் வேண்டும், பக்கத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு இன்னொரு சொந்தக்காரர் வேண்டும், அவருக்கும் ஒரு பேர் இருந்து தொலைக்கிறது. நம் ஜனங்கள் பேரைத் தண்டவாளத்தில் வரிசையாக வைத்தால் தாம்பரத்தில் ஆரம்பித்து செங்கல்பட்டு தாண்டும். பொழிச்சலூர் மேலே இறங்கவந்த விமானம் ஒன்று முழுதும் படித்துவிட்டு இறங்கலாம் என்று மூன்று தடவை வட்டமடித்தது, பாரம் தாங்காமல் திருநீர்மலை ஒரு முழம் கீழே இறங்கியிருக்கிறது, போய் அளந்து பார். எட்மண்ட் மவுஸை உருட்டி உருட்டி விரல் தேய்ந்து, பாய், இது வெப்சைட்டா கல்யாணப் பத்திரிகையா, பை எங்க கீது பாய் என்றான். பை இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், மருமகன்களுக்குக் கீழே, தபால்தலை அளவில் ஒன்றே ஒன்று.

பேர்களைக் கடைசிக்குத் தள்ளலாமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், என்னைக் கடைசிப் பந்தியில உக்காரவைக்கிறியாடா ஹாஜா என்று கேட்டு அழுதுவிட்டாள். மச்சானிடம் கேட்டேன், என் பேர எடுத்தா கொட்டகையையும் காலி பண்ணிடுங்க மச்சான் என்றார், நாம் மிஷின் போட்டிருக்கும் கொட்டகை அவருடையது. வேறொரு வெப்சைட் போடலாம் என்றால் எட்மண்ட் மறுபடி முதலிலிருந்து பட்ஜெட் எழுதுகிறான். வசூலித்ததெல்லாம் பேர்களுக்கே போய்விட்டது, திருப்பிக் கொடுக்கவும் கையில் இல்லை. முன்னே போனால் சொந்தம் போகும், நின்றால் ஆர்டர் போகும், பின்னே போனால் சுவர், அந்தச் சுவரிலும் மச்சான் போட்டோ.

அதனால் நீ ஒரு காரியம் செய். புதன்கிழமை இரவு மஹீன் குப்பிக்குப் போன் பண்ணு. உன் குரல் என்றால் அக்காவுக்கு உயிர். எல்லாருக்கும் மேலே கொடுத்தவன் நீ, உன் பேர் அதில் எங்கேயும் இல்லை, நீயே வேண்டாம் என்று சொன்னாய் என்பதை மட்டும் சொல், எடுத்துவிடுங்கள் என்று வாயைத் திறந்து கேட்காதே. அக்கா யாருக்கும் குறைந்தவள் இல்லை, சாஹிலுக்கே வேண்டாம் என்றால் எனக்கெதுக்கு என்று தானே சொல்வாள். அவள் எடுத்துவிட்டால் மச்சான் தனியாகத் தொங்க வெட்கப்படுவார். வியாழக்கிழமை முழுக்க எட்மண்டைப் பேர்களைப் பிடுங்கிவிட்டுப் பை நட வைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பெப்சியைத் தண்ணீர் மாதிரி குடிக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், சாச்சியும் துவா சொல்லச் சொன்னாள். புதன்கிழமை, மறந்துவிடாதே.

விமானம் பொய், மலை பொய், செங்கல்பட்டும் பொய், மச்சான் போட்டோ மூன்று இலைதான் இருக்கும். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நேற்றுக் காலை சாலமோன் கத்திரியைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போலக் கேட்டான், எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் சாச்சா
ஹாஜா மைதீன்