முற்றத்துப் பனி

செயின்ட் பிலிப், பார்படோஸ்
14 டிசம்பர் 1961

என் செல்ல மகன் கார்லைலுக்கு,

அந்தக் குளிரில் உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். தந்தி கிடைத்திருக்கும். அப்பா போய்விட்டார் என்பதைத் தவிர வேறெதுவும் அதில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

நெஞ்சுவலி என்று படுத்திருந்தவர், டிசம்பர் பிறந்ததும் எழுந்துகொண்டு, முற்றத்தில் பரப்ப வெள்ளைச் சுண்ணாம்பு மண் வேண்டும் என்று அடம்பிடித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தானே எல்லோரும் பனி மாதிரி இருக்கட்டும் என்று பரப்புவோம்? இவர் இப்போதே ஒரு வண்டி மண்ணை இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டு எல்மிரா வேலியோரம் நின்று, “என்ன சீபர்ட், உங்க வீட்டுல மட்டும் பனி சீக்கிரமே கொட்டிடுச்சா?” என்று சீண்டினாள். “எம்பையன் வர்றான். லண்டன் பனியில நடந்தவன், வெறும் மண்ணை மிதிச்சா நம்மள மதிப்பானா?” என்றார். நீ வருவதாக எழுதவே இல்லை.

நீ வேலை பார்க்கும் பஸ்ஸின் சக்கரத்தில் நசுங்கி, அந்த ஊர்ப் பனி ஒரே நாளில் கறுப்புச் சேறாகிவிடும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். “இங்கிலாந்துப் பனியாவது, சேறாவதாவது! பய நமக்கே கதை விடுறான்” என்றார்.

பாதி முற்றம் பரப்பியிருப்பார். மண்வெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தன்று நல்ல மழை. ஊரே கறுப்பு உடுப்பும் தொப்பியுமாக வந்தது. எல்லோரையும்விட எல்மிராதான் பெரிதாக அழுதாள். பெட்டி போனபின் முற்றத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் மிதித்து, வெள்ளையெல்லாம் சேறாகிக் கிடந்தது. நீ எழுதியது உண்மைதான், கார்லைல். அதைச் சொல்லிச் சண்டை போட அவர் இல்லை. அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

கேக்குக்காக ரம்மில் ஊறப்போட்ட பழம் அப்படியே இருக்கிறது. யாருக்குச் சுடுவது என்று தெரியவில்லை.

மீதி மண் ஈரப்பலா மரத்தடியில் குவிந்து கிடக்கிறது. ஆள் வைத்துப் பரப்பித் தரட்டுமா என்று எல்மிரா கேட்டாள். வேண்டாமென்று சொல்லி, மழை படாமல் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வர முடியாவிட்டால் அடுத்ததுக்கு ஆகட்டும். அதுவரை மூடியே இருக்கும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், மகனே.

உன் அம்மா
உன்டீன்