இரும்பு மூடி

அக்டோபர் 3, வெள்ளி

எங்கள் குடியிருப்பின் கழிவுக் குழியை வெட்டியது ஆற்றுப்பாலம் இடிந்த வருஷம். பஸ்கள் நாற்பது நாள் ஓடாமல் நின்றதும், என் மகனுக்கு முதல் பல் விழுந்ததும் அதே வருஷம்தான். எனக்கு எழுத்து வராது; தேதியெல்லாம் தலைக்குள்தான் இருக்கிறது. தினமும் எவ்வளவு தூங்கினேன் என்று டாக்டர் கேட்டதால் மருமகள் நோட்டுப் போட்டாள். நான் சொல்ல அவள் எழுதுகிறாள். "மாமா, தூங்கின நேரம் மட்டும் சொன்னாப் போதும்" என்கிறாள். தூங்கினால்தானே சொல்ல?

தூக்கம்: மூன்று மணி நேரம். கீழே மோட்டார் ஓடவில்லை. இருபது வீட்டுக் கழிவும் அந்தக் குழிக்குத்தான் வருகிறது. அங்கிருந்து தெருச் சாக்கடைக்கு மோட்டார் தள்ள வேண்டும். முப்பது வருஷம் அதை ஓட்டியவன் நான். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

எலக்ட்ரீஷியன் வந்தார். கரண்ட் வருகிறது. ரிலே சரி. கெபாசிட்டர் புதிதாகப் போட்டார். குழி மூடியைத் திறந்து, தண்ணீர் ஏறினால் மோட்டாரைப் போடும் மிதவையைக் கம்பியால் தூக்கிப் பார்த்தார். ஓடவில்லை.

"முனகக்கூட மாட்டேங்குது பெருசு. செத்த பொணம் மாதிரி கிடக்கு."

மூடி பக்கத்தில் கிடந்தது. புது ஃபைபர் மூடி, ஒரு கையால் தூக்கிவிடலாம். பழைய இரும்பு மூடிக்கு இரண்டு ஆள் வேண்டும். அதை முந்தாநாள்தான் பழைய இரும்புக் கடையில் போட்டார்களாம்.

போட்டார்களாம்! என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

அக்டோபர் 5, ஞாயிறு

தூக்கம் இரண்டு மணி நேரம். மழை வேறு.

கீழ்வீட்டில் தையல்காரத் தங்கச்சி தனியாக இருக்கிறாள். அவள் குளியலறைக்குள் கழிவு இரண்டு விரல் உயரம் ஏறிவிட்டது. தையல் மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். சங்கச் செயலாளர் வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு நாள்ல சரியாகலைன்னா முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன்மா" என்றார்.

"போனவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க சார்? நாத்தத்தோடயே இருந்துக்கறேன்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "என்னண்ணே, உங்க மோட்டாருக்கு அப்படி என்ன கோபம்?" என்று சிரித்தாள்.

நான் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

தூக்கம் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் தேடினாலும் அது ஓடாது. சொல்லலாம். சொன்னால், மூடிக்கடியில் அப்படி ஒன்றை ஏன் வைத்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்காமல் விடுவார்களா?

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றேன். அதையும் எழுதினாள். சரி, எழுது.

தையல்காரத் தங்கச்சியின் புருஷன் குழாய்க்காரன். என் சிநேகிதன். குழி வெட்டிய மூன்றாம் மாதம், பம்பில் துணி சிக்கியது. சுவிட்சை அணைத்துவிட்டு அவன் உள்ளே இறங்கினான். நான் டீ குடித்துவிட்டு வந்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது. எவனோ மறந்துவிட்டான் என்று போட்டேன். எட்டிப் பார்க்கவில்லை. ஒரு எட்டு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கலையே. வைக்கலையே நான்.

தண்ணீரில் கரண்ட். அவ்வளவுதான்.

மேஸ்திரி, வாட்ச்மேன், வெல்டர், நான் — நாலு பேர். "உனக்குக் குழந்தை இருக்குடா. குடிச்சிட்டு வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுவோம்" என்றார் மேஸ்திரி. அவன் பீடிகூடத் தொடாதவன். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிராயச்சித்தம் போல அந்த வாரமே மூடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்தோம். வெல்டர் அதற்கென்றே கனமான மூடி செய்தார். மூடி உட்கார்ந்து அந்தச் சுவிட்சை அமுக்கினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். திறந்தால் செத்துவிடும். யார் உள்ளே இறங்கினாலும், எந்த மடையன் மேலே சுவிட்சைப் போட்டாலும், ஓடாது. மூடியைத் தூக்குவதற்கு முன் மேலே அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். அதனால் பின்னால் வந்த யாருக்கும் அது தெரியவில்லை.

மருமகள் பேனாவை வைத்துவிட்டாள். "அந்த அத்தைகிட்டச் சொல்லுங்க மாமா" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

காலையில் இறங்கிப் போனேன். குழி விளிம்பில் சேற்றை வழித்து, துடைப்பக் கட்டையால் அந்தச் சுவிட்சை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. மாடியில் கைதட்டினார்கள். கீழ்வீட்டுத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வடிந்தது.

"அடப்பாவி பெருசு! அஞ்சு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றார் எலக்ட்ரீஷியன். "இந்த லேசு மூடி அதை அமுக்காது. வயரை முறுக்கி டைரக்டா குடுத்துடறேன். எவன் இதுக்குள்ள இறங்கப் போறான்?"

"ஒருத்தன் இறங்கினான்" என்றேன்.

தங்கச்சி வாசலில் நின்றாள். அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை அமுக்கியபடியே நின்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அவரு குடிக்கலையா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

வயரை முறுக்கவில்லை; இப்போதைக்குத் துடைப்பக் கட்டைதான். புது இரும்பு மூடிக்கு எலக்ட்ரீஷியனே அளவு எடுத்துப் போனார். என்னைப் பெருசு என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 11, சனி

மூடி வந்தது. மூன்று பேர் இறக்கினார்கள். மோட்டார் தானாக ஓடி, தானாக நின்றது.

சாயங்காலம் தங்கச்சி சுத்தியலும் ஒரு ஆணியும் கேட்டு ஆள் அனுப்பினாள்.

அக்டோபர் 13, திங்கள்

குழி ஓரம் நின்றிருந்தேன். அவளே வந்தாள். சுத்தியலை என் கையில் தரவில்லை, தரையில் வைத்தாள். திறந்திருந்த அவள் கதவு வழியே தெரிந்தது — இத்தனை வருஷம் மெஷின் இழுப்பறையில் குப்புறக் கிடந்த அவள் புருஷன் படம் இப்போது சுவரில் இருந்தது. அவனுக்கு முடி எவ்வளவு கறுப்பு.

"யார் யாருக்குத் தெரியும்? வரிசையாச் சொல்லுங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

மேஸ்திரி பெருவெள்ளம் வந்த வருஷம் போனார் என்றேன். வாட்ச்மேன் தன் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். வெல்டர் போன மாசி.

"இன்னும் உசுரோட இருக்கறது யாரு?"

"சுவிட்ச் போட்டவன்" என்றேன். "நான்."