ஜீப்பை நீராவி இயந்திரம் இழுத்த ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு அத்தானுக்கு,

சப்பாத்தில் சேறு இன்னும் காயவில்லை. கழுவிவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கழுவிவிட்டால் சாப்பாடு, பிறகு தொலைக்காட்சி என்று இருந்துவிடுவேன், என்னை உங்களுக்குத் தெரியும்தானே. இன்றைக்கு இல்-பிசாரில் பழைய நீராவி இயந்திரங்களின் திருவிழா. நம்முடைய ஜீப் சங்கத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் ஜீப் போனது. என் அக்காவும் போனார். ஓம், உங்கள் மனைவிதான், ஆறு வருடமாக அந்த ஜீப்பில் ஒரு காலும் வைக்காத அதே ஆள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஜீப்பைக் கொடுத்துவிட முடிவெடுத்திருந்தார். வாங்க இருந்தவர் சங்கத்துக் கில், லாவாலில் இருக்கும் உங்கள் கூட்டாளி. இன்று பின்னேரம் திருவிழா முடிந்ததும் ஜீப்பின் திறப்பையும் உரிமைக் கடதாசிகளையும் அவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. எனக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வில்லரேயில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவன் ஜீப்பை எங்கே கொண்டுபோய் விடுவது?

அக்காவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. போன கிழமை டொலார்டில் உங்கள் வீட்டுக்குப் போனபோது குசினியில் வைத்து முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஆறு மாரி என்ர கார் வெளியில பனிக்குள்ள கிடந்தது. ஏழு மணிக்குப் பிள்ளையளை விட வருவினம், கார்டெரி திறக்கவேணும் எண்டு நான் காலமை நிண்டு ஐஸ் சுரண்டுறன், அந்த ராசா கராஜுக்குள்ள சுகமா நிக்கிறார். இந்த மாரி என்ர கார்தான் உள்ள நிக்கும்."

ராசா என்று சொன்னது ஜீப்பையா உங்களையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் விழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வீட்டில் விட்டுவிட்டு உங்களோடு சேறு தேடித் திரிந்தவன் நானும்தானே. அவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவோம் என்று நம் இரண்டு பேருக்கும் ஏன் தோன்றவில்லை, அத்தான்?

இன்று திறப்பைத் தன் கையாலேயே கொடுக்கவேண்டும் என்று அக்கா கூட வந்தார். மடியில் ஒரு பெட்டி நிறைய, மீன் அடைத்துச் சுட்ட பணிஸ்.

திருவிழாவை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் வந்திருந்தால் ஜீப்புகளை மறந்துவிட்டு அந்தக் கொதிகலன்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பீர்கள். வயல் முழுக்க விறகுப் புகை. ஒரு இயந்திரம் நீளப் பட்டி போட்டு மரம் அரிந்தது, இன்னொன்று கதிர் அடித்தது. ஒரு கிழவர் கொதிகலனில் இருந்து குழாய் இழுத்து, ஒரு பீப்பா நிறையச் சோளம் அவித்து எல்லோருக்கும் கொடுத்தார். வெள்ளைத் தாடி, கையெல்லாம் கரி. நம்முடைய ஆட்கள் ஒன்பது ஜீப்பில் வந்திருந்தார்கள். வந்தவுடனே தங்கள் ஜீப்புகளை விட்டுவிட்டு அந்தப் பெரிய இரும்புச் சில்லுகளுக்குக் கீழே குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நீராவிக்காரருக்கு நம்மில் அவ்வளவு மரியாதை இல்லை. சத்தமும் பெற்றோல் மணமும் என்று எங்களை வயலின் கடைசி மூலைக்குத் தள்ளியிருந்தார்கள்.

கில் தன் ஜீப்பைத் தோணிப்பாலத்தில் ஏற்றி ஆற்றைக் கடந்து வந்திருந்தார். தனிநாடு வேண்டுமா என்ற போன வருட வாக்கெடுப்புக்கு ஒட்டிய 'வி', அதாவது பிரெஞ்சில் ஓம், இன்னும் பின்கண்ணாடியில் இருக்கிறது. அதைக் காட்டி "கில், இதுதான் எங்கட ஓம்" என்று நீங்கள் சீண்டுவீர்களே, அதே ஒட்டுத்தாள்தான். அக்காவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மெல்லிய குரலில் பொன்ஷூர் சொன்னார். நல்ல மனிதர், ஜீப் நல்ல கைக்குத்தான் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப்காரருக்கு விளையாட்டு. மூலையில் இருந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நல்ல சேறு. ஒவ்வொருவராக இறங்கி அந்தப் பக்கம் ஏறவேண்டும். நான் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, குடுக்க முதல் கடைசியா ஒருக்கா ஓடட்டே?"

"ஓடு. நானும் இருந்து பாக்கிறன். என்னத்தைத்தான் கண்டீங்கள் எண்டு."

பள்ளத்தின் விளிம்பில் ஜீப்பை நிறுத்தினேன். நான்கு சில்லும் இழுக்கும் தடியைப் போட்டேன். பிறகு அப்படியே இருந்தேன். சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, கில் கையால் வா வா என்கிறார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கிறேன்.

"என்னடா, என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போவன்" என்றார் அக்கா.

போனேன். ஜீப் பள்ளத்தின் நடுவுக்கு வழுக்கிப் போய் நின்றது. அழுத்தினேன். பின்சில்லு இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின, முன்சில்லு இரண்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தன. இன்னும் அழுத்தினேன். அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது.

நான் செய்த மடைத்தனம் உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். முன்சில்லுகளின் நடுவில் இருக்கும் பூட்டைக் கையால் திருப்பாமல் உள்ளே தடியை மட்டும் போட்டு என்ன பிரயோசனம்? முன்சில்லு இழுக்காது. ஜீப் வைத்திருப்பவன் முதல் நாளே படிக்கிற பாடம். ஆனால் ஆறு வருடத்தில் நான் ஒரு நாள்கூட இறங்கி அந்தப் பூட்டைத் திருப்பியதில்லை. நான் நிறுத்துவேன். நீங்கள் இறங்கி இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, முன்னால் நடந்து, இடம் வலம் என்று கை காட்டுவீர்கள். இன்றைக்கும் நான் நிறுத்தினேன். நீங்கள் இரண்டு பூட்டையும் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காத்தும் இருந்தேன்.

இழுக்க வேறு ஜீப்புகள் வரத்தான் இருந்தன. ஆனால் சோளம் அவித்த கிழவர் முந்திவிட்டார். காலையில் இருந்து எங்களைப் புழு மாதிரிப் பார்த்தவர், முகம் முழுக்கச் சிரிப்போடு தன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டம் என்ன ஓட்டம், கோயில் தேர்கூட அதைவிடக் கெதியாக வரும். சங்கிலியை மாட்டிவிட்டு ஒரு விசில் அடித்தார் பாருங்கள், இல்-பிசார் முழுக்கக் கேட்டிருக்கும். இயந்திரம் புஸ் புஸ் என்று இரண்டு தரம் மூச்சு விட்டது, ஜீப் இலேசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சனம் கை தட்டியது. நம் சங்கத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூறு வருடத்துப் பழசு இழுத்த ஜீப் என்று இனி எனக்குப் பேர்தான்.

கில் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து முன்சில்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"இது சாம் பார்க்கிற வேலை, இல்லையா?"

சாமிநாதன் என்ற உங்கள் பெயர் கடைசி வரைக்கும் அவருக்குச் சாம்தான். கார்டெரியில் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பிரெஞ்சு கதைக்கும் அக்காவுக்கு அது விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"எந்த வேலை?"

பூட்டைக் காட்டிச் சொன்னேன்.

"அப்ப விளிம்பில நிண்டது?"

"அத்தான் திருப்பி முடிக்கட்டும் எண்டு நிண்டனான், அக்கா."

மாசியில் உங்களை எரித்த அன்று நான் அழவில்லை. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் கார் விட இடம் காட்டுவதும் என் வேலையாக இருந்தது. இன்று அந்தச் சேற்று விளிம்பில், அவ்வளவு வெள்ளைக்காரருக்கும் முன்னால் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா என்னைத் தேற்றவில்லை. சேலைத் தலைப்பு இல்லாததால் பணிஸ் சுற்றிவந்த கடதாசித் துவாயை என் கையில் திணித்தார். தானும் ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

பிறகு "இறங்கு" என்றார்.

"என்ன?"

"இறங்கிப் பூட்டைத் திருப்பு. நான் ஓடுறன். என்ர காரும் கியர் போடுற கார்தானே."

இறங்கினேன். முதல் பூட்டு இறுகிக் கிடந்தது. இரண்டாவது கையைக் கிழித்தது. ஒரு நாளும் நீங்கள் முறையிட்டதில்லையே, ஒவ்வொரு கிழமையும் இப்படியா இருந்தது? எழும்பி முன்னால் நடந்து, உங்களைப் போலவே கை காட்டினேன். அக்கா பார்க்கவே இல்லை. நான் வலம் என்று காட்ட இடம் வெட்டினார். நான் மெதுவாக என்று காட்ட அழுத்தினார். தலை முதல் கால் வரை எனக்குச் சேற்றால் அபிஷேகம். ஆனால் ஜீப் அந்தப் பக்கம் ஏறி நின்றது. கிழவர் திரும்பவும் விசில் அடித்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, யாரிடம் என்றில்லாமல், "அதுதானே" என்றார். அந்தக் குரலை நான் மாசிக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன்.

பின்னேரம் கில் வந்து நின்றார். அக்கா கைப்பையைத் திறந்தார், மூடினார். "இன்றைக்கு இல்லை, கில்" என்றார். எப்போது என்று கில் கேட்கவில்லை. இரண்டு மீன் பணிஸை வாங்கிக்கொண்டு தோணிப்பாலத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போதும் அக்காதான் ஓடினார். டொலார்ட் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கராஜைத் திறந்து தன் காரை உள்ளே விட்டார். ஜீப் வெளியேதான், அத்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை, நீங்கள் உயிரோடு வந்து கேட்டாலும் விடமாட்டார். ஒரு படங்கை எடுத்து இரண்டு பேருமாகப் போர்த்திக் கட்டினோம்.

கட்டி முடித்ததும், "வாற ஞாயிறு எங்க போறம்?" என்று கேட்டார்.

போகிறோம், அத்தான். அக்கா ஓடுவார், என் சொல் கேட்கமாட்டார். நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மனம் நோகாதீர்கள்: இனிமேல் எந்தச் சேற்று விளிம்பிலும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டேன். ஜீப் நின்றதும் முதலில் இறங்குகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
உங்கள் மச்சான் ரவி