முழுதாகக் கிடைத்த ஒரு குளவி

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் புழுக்களுக்குள் நான் கண்ட குளவி புதிய இனம்தான். அதன் சிறகு நரம்புகள் வேறெதோடும் பொருந்தவில்லை என்று என் பேராசிரியர் நேற்று ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து சொன்னார். அதன் குஞ்சுகள் புழுவை உயிரோடு தின்று, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் குளவிப் பெட்டிகளை எல்லாம் மிதித்து நொறுக்கினார். "இந்தப் பூச்சிங்களோடயே குடும்பம் நடத்துடி" என்று என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினார். நான் இடது கையால் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கி அவர் மண்டையில் அடித்தேன். அவர் விழுந்த பிறகு, இரத்தத்துக்குப் பக்கத்தில் முழுதாகக் கிடந்த ஒரே குளவியைப் பொறுக்கி எடுத்தேன். இனத்துக்குப் பெயர் வைக்க அது ஒன்று போதும்.

அவருக்கு உயிர் இருக்கிறது. அவர் செய்ததையும் நான் செய்ததையும் பொலிஸிடம் சொல்லிவிட்டேன். இந்த முறையும் நான் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் தங்கை