தாய்மாமன் தோள்

ராமச்சந்திராபுரம்,
14 ஜூலை 2002

சிரஞ்சீவி அச்சுவுக்கு அக்கா கல்பகத்தின் ஆசீர்வாதம்.

பாஸ்டன் போய்ச் சேர்ந்ததை ஃபோனில் சொன்னாய், சரி. லெட்டர் எங்கே? ஈமெயில் அனுப்பு என்கிறாய். இங்கே நெட் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரன் என் கடிதத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறான். நான் ஸ்டாம்ப் ஒட்டித்தான் அனுப்புவேன்.

லீவில் வந்தவன் ஒரு வேளையாவது எங்களோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டாயா? லோத்குண்டா சித்தி வீட்டுக்குப் பின்னால் மிலிட்டரி வேலி ஓரமாக, சிப்பாய் விசில் அடித்து விரட்ட விரட்ட, பெயர் தெரியாத முள்செடியைக் கோணி நிறையப் பறித்ததுதான் கண்ட பலன். சித்தி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தேஜுவுக்கு முழங்காலுக்குக் கீழே மறுபடியும் கட்டி. பதிமூன்று வயதுக் குழந்தைக்கு இந்த வருஷத்திலேயே எத்தனை தடவை! சிவந்து கொதிக்கிறது, தொட விடமாட்டேன் என்கிறாள். டாக்டர் எழுதிய மாத்திரை உள்ளே போனால் வாந்தி. அடுத்த மாதம் பேட்மின்டன் செலக்‌ஷன் வேறு. போன தடவை பறித்துப்போன அதே செடியிலிருந்து உன் லேபில் எடுத்தது என்று ஒரு டப்பா களிம்பு கொடுத்தாயே, ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தடவட்டுமா? உன் அத்திம்பேரைக் கேட்டால், கையெழுத்தும் சீலும் இல்லாத மருந்து வீட்டுக்குள் வரக்கூடாது என்பார். கவர்ன்மென்ட் ஃபேக்டரி மனுஷர், வேறென்ன சொல்வார்.

அன்புடன்,
கல்பகம்

பாஸ்டன்,
26 ஜூலை 2002

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

கட்டாயம் தடவு. இந்தச் செடியின் விசேஷமே வேறு. இது கிருமியைக் கொல்லாது, அது விஷம் கக்குவதை நிறுத்திவிடும். பாம்பை அடிக்காமல் பல்லை மட்டும் பிடுங்குகிற மாதிரி. கொல்லப் பார்ப்பதால்தான் கிருமி மருந்துக்குப் பழகிப்போகிறது. எலிகளிடம் பிரமாதமாக வேலை செய்கிறது. மனிதத் தோலில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்திவிடு. இரண்டும் சேர்ந்தால் எது குணப்படுத்தியது என்று எப்படித் தெரியும்? தினமும் ஒரு ஃபோட்டோ எடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. அத்திம்பேருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

தேஜுவைப் பயப்படாமல் இருக்கச் சொல். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது அவளைத் தோளில் தூக்கப்போகிறவன் நான். தாய்மாமன் அவள் காலைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

உன்
அச்சு

ராமச்சந்திராபுரம்,
19 ஆகஸ்ட் 2002

சிரஞ்சீவி அச்சுவுக்கு ஆசீர்வாதம்.

உன் வாயில் சர்க்கரைதான் போடவேண்டும். நாலே நாளில் சிவப்பு போய்விட்டது, வீக்கம் வடிந்துவிட்டது. ஃபோட்டோக்கள் இதோடு இருக்கின்றன. தேஜு செலக்‌ஷனில் ஜெயித்துவிட்டாள்! மாத்திரைகளை அரிசி டின்னுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறேன். "பாத்தியா, மாத்திரை எப்படிக் கேட்டது!" என்று உன் அத்திம்பேர் பெருமைப்படுகிறார். நான் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. சாயங்காலமானால் லேசாக ஜுரம் வருகிறது. கால் உள்ளே குடைகிறது என்கிறாள். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. டாக்டரிடம் போகட்டுமா, வேண்டாமா? உன்னைக் கேட்காமல் போக மனசில்லை.

கல்பகம்

பாஸ்டன்,
31 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அக்கா,

உன் ஃபோட்டோக்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். புரொபசர் எழுந்து நின்று கை குலுக்கினார். இரண்டு வருஷமாக என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்!

தோல் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது உள்ளே என்ன இருக்கப்போகிறது? ஓடியாடுகிற பெண்ணுக்குக் கால் வலிக்காதா? இப்போது டாக்டரிடம் போனால் மறுபடி மாத்திரை எழுதுவார், அத்தனையும் வீணாகும். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள். எனக்காக.

ஃபோட்டோவை நிறுத்திவிடாதே.

உன்
அச்சு

ராமச்சந்திராபுரம்,
20 அக்டோபர் 2002

அச்யுத்,

நீ சொன்ன அந்த ஒரு வாரம் பொறுத்தேன். ஆறாம் நாள் தேஜு ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் படியிலேயே விழுந்தாள். கிருமி எலும்புக்குள் போய்விட்டது. இரண்டு தடவை காலைக் கிழித்து எலும்பைச் சுரண்டினார்கள். எலும்பு வளர்கிற நுனியை அது தின்றுவிட்டதாம். அந்தக் கால் இனி மற்றக் காலோடு சேர்ந்து வளராது.

"வெளியில இவ்வளவு நல்லா ஆறியிருக்கே, ஆன்டிபயாடிக் முழுசா குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். உன் அத்திம்பேர் பக்கத்தில் நின்றார். குடுத்தோம் சார், நானே வாங்கிண்டு வந்தேன் என்றார். நான் அங்கேயே உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அரிசி டின்னை எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார்.

கொல்லாது என்று நீதானே எழுதினாய்? பல்லைப் பிடுங்கிய பாம்பை யாராவது குழந்தை காலுக்குள் விட்டு வைப்பார்களா? கொல்கிற மருந்து வீட்டில் இருந்தது. உன் பேச்சைக் கேட்டு நான்தான் அதை அரிசிக்குள் புதைத்தேன். கிருமி வேலையைக் காட்டியிருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பேன். உன் களிம்பு அதை மூடி மறைத்தது.

ஃபோட்டோவை நிறுத்தாதே என்றாயே, ஒன்று வைத்திருக்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு எடுத்தது. ஸ்கேலும் இருக்கிறது. இதையும் திரையில் போட்டுக் காட்டு.

கல்பகம்

பாஸ்டன்,
11 ஜனவரி 2003

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கணும். என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. தேஜுவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் எலும்புக்குள் கிருமி முதலிலேயே போயிருக்கவும் கூடும். நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது.

ஒரு உதவி. மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான் என்று வெளியில் யாரிடமும் சொல்லவேண்டாம். மனிதர்களிடம் சோதிக்க எனக்கு அனுமதி கிடையாது; நீங்களாகவே தடவிப் பார்த்தீர்கள் என்றுதான் புரொபசரிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் வேலையும் போகும், விசாவும் போகும். நீ அனுப்பின கடைசி ஃபோட்டோவை யாருக்கும் காட்டவில்லை. புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

உன்
அச்சு

பாஸ்டன்,
4 மார்ச் 2012

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. ஒன்பது வருஷம் போய்விட்டது. புது விலாசம் சித்தி கொடுத்தாள். தேஜுவுக்கு மே மாதம் கல்யாணமாமே! ரொம்ப சந்தோஷம்.

அந்தச் செடியை வைத்து ஒரு கம்பெனி மருந்து தயாரிக்கப் பார்க்கிறது. இப்போது ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். தனியாகக் கொடுக்கவே கூடாது என்பதை மருந்துக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். உனக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்க நான் வரவேண்டாமா? ஜிம்முக்குப் போய்த் தோளைப் பலப்படுத்திக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் போடட்டுமா? வா என்று ஒரு வரி எழுது, அக்கா.

உன்
அச்சு

ஏ.எஸ்.ராவ் நகர்,
2 ஏப்ரல் 2012

அச்யுத்துக்கு,

உன் கடிதத்தைத் தேஜுவிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவளுக்கு ஓடாது. நான்தான் வாசித்தேன். மருந்துக் கம்பெனி பற்றி எழுதியது வரை கேட்டுக்கொண்டிருந்தாள். தோளில் தூக்குவதைப் படித்ததும், "நக்கோமா, வேண்டாம், நான் நடந்தே வர்றேன்னு எழுது" என்றாள்.

தாய்மாமன் வராவிட்டால் மாமா முறையில் வேறு யாராவது தூக்கலாம் என்று சாஸ்திரிகள் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அவள் ஒப்பவில்லை. வெளியில் போகும்போது ஒரு பக்கம் உயரமாகக் கட்டின செருப்பு போடுவாள், பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மணமேடையில் செருப்பு ஏது? நொண்டுவது நன்றாகத் தெரியும், எல்லாரும் பார்ப்பார்களே என்றேன். பார்க்கட்டும் என்றாள். மாப்பிள்ளையையும் தூக்கக்கூடாதென்று அவனிடமே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

இதைக் கேட்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு உன் அத்திம்பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "கல்பகம், அவனை வரச்சொல்லு" என்றார்.

அதனால் வா. முதல் வரிசையில் உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அவள் ரூமிலிருந்து மேடைக்கு நடந்து வரும்போது எழுந்திருக்காதே, கை கொடுக்கப் போகாதே. உட்கார்ந்து பார். கேமராவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
தேஜஸ்வினியின் அம்மா