கா. ஜூட் அல்ல, ஞா. ஜூட்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஆகஸ்ட் 17.

அன்பு மகள் அக்சிலியாவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சோபியாக் குட்டியும் அயர்லாந்தில் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தைப் பாதி தீர்த்துவிட்டாள். எனக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. முந்தாநாள் நீ போனில் கேட்டபோது சுதந்திர தின விழா நல்லபடியாக நடந்தது என்று சொன்னேன். அது பொய். பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் போனை அவளிடம் கொடுக்காமலே வைத்துவிட்டேன். வாயில் வராததை எழுதுகிறேன், எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

போன வருடம் விழாக் குழுவினர் மைதானத்தில் நட்ட நினைவுக் கல்லில் உன் தம்பி பெயரை கா. ஜூட் என்று வெட்டியிருப்பது உனக்குத் தெரியும். ராணுவத் தாளில் ஜி. ஜூட் என்று இருக்கும், ஞானதாஸ் என்ற என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் வந்து நிற்கிற, உச்சரிப்பில் வராத ஜி. தலைப்பெழுத்தும் தமிழில் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு முடிவு செய்து, ஜி என்றால் கா என்று அவர்களாகவே போட்டுவிட்டார்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான், கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விடுபட்டாலும் மெஷினை நிறுத்தச் சொல்வேன். சொந்த மகன் கல்லில் இருக்கும் பிழைக்கு ஒரு வருடமாக வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை கேட்டே ஆகவேண்டும் என்று நீ சொன்னதால், சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மாதா விண்ணேற்புத் திருப்பலி முடிந்து நேராக மைதானத்துக்குப் போனோம். எட்டு மணி என்றார்கள், விழாத் தலைவர் வரும்போது ஒன்பதே முக்கால். குடியரசு தினத்தன்று டெல்லியில் மலர்வளையம் வைப்பதை டிவியில் பார்த்திருக்கிறாய், எக்காளம் நின்ற பிறகும் அங்கே ஒருவர் அசைவதில்லை. இங்கே இரண்டு நிமிடம் மௌனம் என்று மைக்கில் சொன்னார்கள், கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்திரண்டு விநாடி. ஃபிளெக்ஸில் தலைவர் படம் ஆளுயரம், ஜூட் படம் தபால்தலை அளவு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் யாரும் சொல்லாமலே கொண்டுவந்து வைத்த பூவைப் பார்த்தால் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதன் பிறகு குழுச் செயலாளர் தனபால், எடப்பாடியிலிருந்து வந்து பைபாஸ் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வீரரின் தந்தை திரு. காளியப்பன் அவர்களைப் பொன்னாடை பெற மேடைக்கு அழைக்கிறோம் என்றார். கா என்பதை விரித்துச் சொல்ல வேண்டுமே, வாயில் வந்த பெயரால் விரித்துவிட்டார். அம்மா என் கையைக் கிள்ளி எந்திரிங்க என்றாள். எழுந்தால் காளியப்பன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், எழாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், தந்தையார் வர இயலவில்லை என்று அறிவித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், அக்சிலியா.

கூட்டம் கலைந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு தனபாலிடம் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஏனுங்கய்யா, கூப்புட்டப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாமுங்களே என்றார். பையன் பேரு செரியாத்தானுங்களே இருக்குது, வெறும் இனிசியல்தானுங்களே, அதுக்குப் போயி கல்லை ஒடைக்க முடியுங்களா என்றார். நானும் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் அந்தப் பொன்னாடையைக் கடை ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார், உறைமேல் காளியப்பன் என்று எழுதியிருந்தது. அம்மா வாசலிலேயே மறித்து, காளியப்பன் வீடு எதுன்னு எனக்குத் தெரியாது, கண்டுபுடிச்சா அங்கேயே குடுங்க, அப்படியே அந்த ஆளு எத்தனை புள்ளையைப் பட்டாளத்துக்குக் குடுத்தாருன்னும் கேட்டுட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்கு ஒரே உளைச்சல். யார்மேல் எவ்வளவு தவறு என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன், கடைசியில் என்மேலேயே சந்தேகம் வந்தது. கல்லில் அவன் பெயர் சரியாக இருக்கிறது, இல்லாதது என் எழுத்து மட்டும்தான். பனிச்சரிவில் போனவன் அவன், பதினோரு வருடம் கழித்து நான் எனக்கு மரியாதை கேட்டு அலைகிறேனோ என்று வெட்கமாகிவிட்டது. அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து ஜூட்டின் ஒன்றாம் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும், ஞா எழுத வராமல் அழுவானே. மற்ற பையன்களுக்கெல்லாம் ப, ம என்று சுலபமாக இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இந்தச் சுழி, வேறு அப்பா வாங்கித் தா என்று அம்மாவிடம் சண்டை பிடிப்பானே. ஒரு பக்கம் முழுக்க ஞா, ஞா, ஞா. மேல் வரியில் சுழி பிதுங்கி, கால் தனியாக ஓடி நிற்கிறது, கடைசி வரியில்தான் சரியாக வந்திருக்கிறது. பட்டாளத்திலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் வரை அந்த எழுத்தைப் போட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறான். இதை நீங்களா குடுத்தீங்க, அவன் அழுது அழுது வாங்கினது என்றாள் அம்மா.

செப்டம்பர் கடைசி ஞாயிறு குழுக் கூட்டம். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். பேச்சு வராவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைக்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ மழையில் பஸ்ஸுக்காக ஓடாதே, சோபியாவுக்கு ஸ்வெட்டர் போடாமல் வெளியே அனுப்பாதே. இறைவன் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மறந்துவிடாதே, அந்த ஞாயிறு சாயங்காலம் போன் செய். நான் எடுத்து நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் நம்பாதே, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

ஞா. அக்சிலியாவுக்கும் ஞா. ஜூட்டுக்கும் அப்பா,
சூ. ஞானதாஸ்